குழந்தைகளுக்குப் புதுப் புத்தகம்: நூலகத்துக்கு எப்படி வருகிறது, வீட்டுக்கு ஏன் வருவதில்லை?

கோவை காந்திபுரம் பகுதியில் பெரியார் பெயரில் நூலகமும் அறிவியல் மையமும் கட்ட 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தச் செய்தியோடு சேர்ந்து சில கேள்விகளும் கிளம்பின. குழந்தைகளுக்கான புதுப் புத்தகமெல்லாம் இனி அங்கே போனால்தான் கிடைக்குமா? எங்கள் ஊர் நூலகத்தில் மட்டும் ஏன் அட்டை பிய்ந்த பழசே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற மெல்லிய கதைப் புத்தகங்கள் நூலகத்தில் ஏன் இல்லை?

மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் பதில் சொல்ல வேண்டிய துறைகள் வேறு வேறு. அதை முதலில் பிரித்துக்கொண்டால் மீதி எளிது.

பலகையில் ஒரே பெயர், பின்னால் நான்கு துறை

கொங்கு நாட்டில் ஒரு சிற்றூரிலேயே "நூலகம்" என்று எழுதிய கட்டடங்கள் இரண்டு மூன்று இருக்கலாம். எது யாருடையது என்று பார்ப்போம்.

1. பொது நூலகத் துறையின் நூலகங்கள். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று இவை படிப்படியாக இறங்கும். கோவையில் மைய நூலகம் ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறது. உறுப்பினராகிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வழிவகை உள்ளவை இவைதாம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இவற்றைப் பற்றியது.

2. ஊராட்சி நூலகங்கள். 2006 முதல் 2011 வரை நடந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் கட்டினார்கள். மாநிலம் முழுக்க 12,000-க்கு மேல். இவை ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருபவை. பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகத்தைப் பற்றி மாவட்ட நூலக அலுவலரிடம் மனு கொடுத்து அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சாவி அவர் கையில் இல்லை. கேட்க வேண்டிய இடம் ஊராட்சி அலுவலகமும் ஒன்றிய அலுவலகமும்.

3. அறிவுசார் மையங்கள். மாநகராட்சி, நகராட்சி நிர்வாகத்தின் கட்டடங்கள் இவை. கோவை ஆடீஸ் வீதியில் இருப்பது அப்படி ஒன்று. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களை மனத்தில் வைத்து அமைத்தது. மேசை, இணையம், அமைதி. ஏழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு கதைப் புத்தகம் தேடிப் போனால் இருவருக்குமே ஏமாற்றமாகலாம்.

4. பள்ளி நூலகம். இது பள்ளிக் கல்வித் துறை. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் இந்த வழியாக வந்தவை. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. குழந்தை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த அளவுக்கு எழுத்துக் கூட்டுகிறது என்று பார்த்துக் கொடுப்பதற்காகச் செய்த பிரிப்பு. நல்ல யோசனை. பள்ளிக்கென்று அச்சிட்டவை என்பதால் கிளை நூலகத்தில் தேடினால் அகப்படாது. அவ்வளவுதான் மர்மம்.

இனி பெரியார் நூலகம் போன்ற பெரிய நூலகங்கள். பல மாடிக் கட்டடங்களில் குழந்தைகள் பகுதி கண்ணைப் பறிக்கும்படி இருக்கும். ஆனால் நூலகத்தில் இருப்பதும் இரவல் கிடைப்பதும் ஒன்றல்ல. அங்கேயே உட்கார்ந்து படிக்க வைத்திருப்பது குறிப்புதவிப் பகுதி. வீட்டுக்குத் தருவது இரவல் பகுதி. எது எங்கே, எத்தனை, யாருக்கு என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். அன்னூரிலிருந்து பஸ் ஏறிப் போய்விட்டு, அரை மணி நேரம் படித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்புகிற குழந்தைக்கு மறு ஞாயிறு அங்கே போக ஆசை வருமா என்பது சந்தேகம்.

வரிச் சீட்டில் ஒரு வரி

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரிக்குக் கீழே "நூலக வரி" என்று ஒன்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. வரி 880 ரூபாய் என்றால் நூலக வரி 88 ரூபாய். உள்ளாட்சி அமைப்பு அதை வசூல் செய்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் நூலகம் நடக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அது. அதற்குப் பின்னால் இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. கொண்டுவந்த கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், திருப்பூர்க்காரர். அவர் தலைமையிலிருந்த தமிழ் வளர்ச்சிக் கழகம்தான் பிறகு 10 தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. அதன் முதன்மை ஆசிரியர் பெ. தூரன், ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சி வட்டாரத்துக்காரர். நூலகச் சட்டத்துக்கும் குழந்தைக் கலைக்களஞ்சியத்துக்கும் கொங்கு மண்ணில் பிறந்த இருவர் காரணம் என்று மேடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கலைக்களஞ்சியம் எத்தனை நூலகங்களில் குழந்தை கைக்கு எட்டும் தட்டில் இருக்கிறது என்று கேட்டால் மேடை கொஞ்சம் அமைதியாகிவிடும்.

வரியிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

1. வீடும் கடையும் நெருக்கமாக உள்ள மாவட்டத்துக்கு வருமானம் கூடுதல். தோட்டங்காடு நிறைந்த பகுதிக்குக் குறைவு. புத்தகப் பசி இரண்டிலும் ஒன்றுதான்.

2. வசூலித்த பணத்தை உள்ளாட்சி அமைப்பு காலத்தில் ஒப்படைக்காவிட்டால் பாக்கி ஏறும். அந்தச் சுமை கடைசியில் புத்தகத்தின் தலையில்தான் விழும், ஏனென்றால் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் தள்ளிப்போட முடியாது.

3. பணம் மாவட்ட எல்லையில் நின்றுவிடும். ஈரோட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம்; அது நாமக்கல் மாவட்டம். பவானிக்கு எதிர்க்கரையில் குமாரபாளையமும் அப்படித்தான். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஈரோட்டுக்கு வருகிற குடும்பத்தின் நூலக வரி நாமக்கல் ஆணைக்குழுவுக்குப் போகிறது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997இல், திருப்பூர் 2009இல். மாவட்டம் பிரியும்போது நூலகக் கணக்கும் கூடவே பிரியும்.

"புதுசு" என்றால் எவ்வளவு புதுசு?

தமிழில் பெரும்பாலான புதிய நூல்கள் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி, அதாவது மார்கழி, தை வாக்கில் வெளிவரும். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் ஆகஸ்ட் புத்தகத் திருவிழாவிலும் கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவிலும் அவற்றைக் காசு கொடுத்து வாங்கலாம். நூலகத்துக்கு வரும் பாதை இதைவிட நீளம்.

பதிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நடக்க வேண்டும். கொள்முதல் ஆணை வர வேண்டும். பிறகு கட்டுகள் மாவட்டத்துக்கு வந்து அங்கிருந்து கிளைகளுக்குப் பிரிய வேண்டும். இடையில் கொள்முதல் தேங்கிப்போன ஆண்டுகளும் உண்டு. பதிப்பாளர்கள் இதை வெளிப்படையாகவே பல முறை சொல்லிவிட்டார்கள். ஆகவே கிளை நூலகத்தில் "புதிய வரவு" என்ற தட்டில் இருப்பது ஓரிரு ஆண்டு முந்தைய புத்தகம் என்றால் அதில் தவறு ஒன்றுமில்லை. குழந்தைக்கு அது புதுசுதான். ஆறு வயதில் படிக்கிறவனுக்குப் புத்தகத்தின் வயது ஒரு பொருட்டே இல்லை.

கட்டு வந்ததும் நேராகத் தட்டுக்குப் போவதில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டில் ஒரு எண் ஏற வேண்டும். தலைப்புப் பக்கத்திலும் உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் ரப்பர் ஸ்டாம்ப். முதுகில் எண் ஒட்ட வேண்டும். கடைசி அட்டையின் உள்பக்கத்தில் தேதிச் சீட்டு. ஒரே ஆள் இருக்கிற நூலகத்தில் இதையும் பார்த்து, காலைப் பேப்பரையும் அடுக்கி, வருகிறவர்களுக்கும் பதில் சொல்லி முடிக்கச் சில வாரம் ஆகும்.

படப் புத்தகத்தில் இங்கே ஒரு சின்னத் தொல்லை. 24 பக்கத்தை நடுவில் பின் அடித்து மடித்த புத்தகத்துக்கு முதுகே கிடையாது. எண்ணை எங்கே ஒட்டுவது? தட்டில் செருகினால் கண்ணில் படாமல் தடித்த நாவல்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். சில படப் புத்தகங்கள் சதுரம், சில அகலவாட்டம், தட்டிலேயே அடங்காது. கயிறு கட்டி, துணி உலர்த்துகிற கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் நூலகங்களில் குழந்தைகள் அட்டையைப் பார்த்தே எடுத்துவிடுகிறார்கள். இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை. இருபது ரூபாய்க் கயிறு போதும்.

ஃபாரம் கணக்கு: படப் புத்தகம் ஏன் குறைவு?

இந்தப் பகுதிதான் பலருக்கும் தெரியாதது. சற்று நின்று பார்க்க வேண்டியதும் இதுதான்.

அச்சுத் தொழிலில் ஃபாரம் என்றொரு அலகு உண்டு. பெரிய தாளில் இரு பக்கமும் அச்சிட்டு மடித்தால் கிடைக்கும் பக்கத் தொகுப்பு. டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் ஒரு ஃபாரம் 16 பக்கம். நூலகக் கொள்முதலில் நெடுங்காலமாக விலை நிர்ணயிக்கப் பயன்பட்டது இந்த ஃபாரம் கணக்கு. எத்தனை ஃபாரமோ அத்தனை மடங்கு தொகை.

இரண்டு புத்தகங்களை வைத்துப் பாருங்கள்.

1. கறுப்பு மையில் அச்சிட்ட 160 பக்க நாவல். 10 ஃபாரம்.

2. நான்கு வண்ணத்தில் 24 பக்கப் படப் புத்தகம். ஒன்றரை ஃபாரம்.

பக்கத்தை எண்ணினால் இரண்டாவது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனால் அதற்கு ஓவியர் வேண்டும். நாலு நிறத்துக்கு நாலு அச்சுத் தகடு வேண்டும். பின்பக்கத்துப் படம் முன்பக்கத்தில் தெரியாத கெட்டித் தாள் வேண்டும். குழந்தை எச்சில் பட்டாலும் தாங்குகிற மினுங்கு அட்டை வேண்டும். எழுத்து இருநூறு சொல்லுக்குள் இருக்கலாம். செலவு அங்கே இல்லை. வண்ணத்துக்கும் தாளுக்கும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும், பக்கம் எண்ணும் முறை பருத்த புத்தகத்தின் பக்கம்தான் சாயும். அதனால் நூலகத்தை நம்பி நூல் போடும் பதிப்பாளர் குழந்தைகளுக்கென்று நீதிக்கதைத் தொகுப்பும் பொது அறிவுத் துணுக்கும் போட்டார். கறுப்பு வெள்ளை, பொடி எழுத்து, 128 பக்கம். நூலகத் தட்டுகளை அவை நிறைத்திருப்பதற்குக் காரணம் குழந்தைகளின் விருப்பம் என்று நினைத்துவிடாதீர்கள்.

2024இல் வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை என்று ஒன்று வந்து, பதிப்பாளர்கள் இணையத்தில் பதிவு செய்யும் முறைக்கு மாறியிருக்கிறது. குழந்தை நூல்களைப் பொறுத்தவரை அதன் பலனை இனி வரும் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு தப்பிக்கும் வழியும் உண்டு. எழுத்தைக் கறுப்புத் தகட்டில் மட்டும் வைத்துவிட்டால், படத்துக்கான மற்றத் தகடுகளை மாற்றாமல் தமிழ், இந்தி, கன்னடம் என்று பல மொழியில் அச்சிடலாம். தேசியப் புத்தக நிறுவனம் போன்று பல மொழியில் நூல் போடும் அமைப்புகளுக்குக் குறைந்த விலையில் வண்ணப் புத்தகம் கட்டுபடியாவதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் உள்ள கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால், யாரும் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். தமிழிலும் நிறைய உண்டு.

கொள்முதலுக்கு வெளியே இன்னும் இரண்டு வாசல்கள். கொல்கத்தாவில் 1972இல் தொடங்கிய ராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை, குழந்தைகள் பகுதி அமைக்கவும் நூல் வாங்கவும் உதவுகிறது. மற்றொன்று நன்கொடை. 1,000 ரூபாய் கட்டினால் அந்த நூலகத்தின் புரவலர் ஆகலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: வீட்டைக் காலி செய்யும்போது பரணில் கிடந்த பழைய பாடநூல்களை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு நன்கொடை என்று பெயர் வைக்காதீர்கள்.

பீரோவுக்குள் ஏன்?

புத்தகம் வந்துவிட்டது, எண்ணும் ஏறிவிட்டது. அப்படியும் வீட்டுக்கு வருவதில்லை. ஏன்?

பெருந்துறைப் பக்கம் ஒரு ஊர்ப்புற நூலகம். பேத்தியைக் கூட்டிவந்த ஒரு பாட்டி, கண்ணாடி பீரோவுக்குள் இருந்த யானைப் படப் புத்தகத்தைக் காட்டிக் கேட்கிறார்:

"ஏனுங் சார், அத வூட்டுக்கு எடுத்துட்டுப் போலாமுங்களா? என்ற பேத்தி படம் பாத்துட்டே சோறு திம்பா."

"இங்கியே உக்காந்து பாக்கச் சொல்லுங்கம்மா. கிழிஞ்சுபோச்சுன்னா நாந்தான் பதில் சொல்லோணும்."

அப்படிச் சொன்ன நூலகரைக் குறை சொல்வது சுலபம். இருப்புச் சரிபார்ப்பு நடக்கும்போது குறையும் புத்தகத்துக்கு விளக்கம் தர வேண்டியவர் நூலகர். அட்டை கிழிந்ததற்கும் அவரையே கேட்பார்கள். புத்தகம் எத்தனை கை மாறியது என்று பாராட்டுவார் எவரும் இல்லை. இப்படி இருந்தால் பூட்டி வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று யாருக்கும் தோன்றும். குழந்தைப் புத்தகம் என்றால் கிழியும். இரண்டு மூன்று வருடத்தில் கிழிந்து கழிக்கப்படும் படப் புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கணக்கில் ஏற்றுக்கொள்ளும் வழி வந்தால் பாதி பீரோக்கள் தாமாகத் திறக்கும். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான்.

எடுக்கும்போது எதைப் பார்ப்பது?

அட்டையில் "6 முதல் 8 வயது" என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து குழந்தையைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் நாலைந்து இடத்தில் தடுக்கினால் அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். தானாகப் படிக்க வேறொன்று எடுங்கள்.

தமிழுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு: சொல்லின் நீளம். "ஓடிக்கொண்டிருந்தவர்களையெல்லாம்" என்று ஒரே மூச்சில் அச்சிட்டால் எழுத்துக் கூட்டுகிற குழந்தை நடுவழியில் தொலைந்துவிடும். அதையே இரண்டு மூன்றாகப் பிரித்து அச்சிட்டால் ஏறி இறங்கிப் போய்விடும். இலக்கணப் புலவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நல்ல தொடக்க நிலைப் புத்தகத்தில் சொல் குட்டையாக, எழுத்து பெரிதாக, வரிக்கு நடுவே வெள்ளை நிறைய இருக்கும். இன்னொன்று, வீட்டில் "வந்துபோட்டானுங்" என்று பேசுகிற குழந்தை புத்தகத்தில் "வந்துவிட்டான்" என்று படிக்கும்போது உண்மையில் இரண்டு தமிழைப் பழகுகிறது. தடுமாறுவது அறிவுக் குறையால் அல்ல.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்குப் போகிறார்கள். தாளவாடி மலையில் கன்னடம் பேசும் குழந்தைகள் கன்னட வழிப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் அவர்கள் மொழியும் உள்ள இருமொழிப் புத்தகம் இந்த இரண்டு இடத்திலும் வாங்கி வைக்க வேண்டியது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது சுலபமாகக் கிடைக்கிறது. தமிழும் ஒடியாவும் சேர்ந்ததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கவுன்டரில் என்ன கேட்பது?

1. உறுப்பினர் அட்டை குழந்தை பெயரிலேயே வேண்டும் என்று கேளுங்கள். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்த்தாலும் டீ, பலகாரச் செலவைவிடப் பெரிதாக இராது. எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்பது கட்டும் தொகையைப் பொறுத்தது.

2. திருப்ப வேண்டிய நாள் தேதிச் சீட்டில் குத்தப்படும். தாமதமானால் சிறு அபராதம். தொலைந்தால் அதே புத்தகமோ விலையோ கொடுக்கும்படி இருக்கும். இதை முன்பே நூலகரிடம் பேசி, "கிழிஞ்சா நாங்க வாங்கித் தர்றோமுங்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பீரோ சாவி சீக்கிரம் வெளியே வரும்.

3. வேண்டிய புத்தகத்தின் பெயர், பதிப்பகம், விலை மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். "ஏதாவது நல்ல கதை வாங்குங்க" என்று வாயால் சொல்வதை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. வாசகர் வட்டம் இயங்கும் ஊரானால் அதன் வழியாகக் கொடுப்பது இன்னும் வலு.

4. பள்ளி கோடை விடுமுறைக்குப் பூட்டினால் பள்ளி நூலகமும் பூட்டிவிடும். கிளை நூலகம் மே மாதமும் திறந்திருக்கும். அட்டையை ஏப்ரலுக்குள் வாங்கிவிடுங்கள்.

5. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை பொதுவாக வெள்ளிக்கிழமை. இரண்டாம் சனிக்கிழமையும் இராது. ஞாயிறு திறந்திருக்கும். பல கிளைகள் காலையும் மாலையும் என்று நேரத்தைப் பிரித்து இயங்குவதால், வாசலில் ஒட்டியிருக்கும் நேரத்தை ஒரு முறை படம் பிடித்து வைத்துக்கொண்டால், வாரம் ஆறு நாள் கம்பெனிக்குப் போகிறவர்களும் கறி எடுக்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை நடையிலேயே புத்தகத்தை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம்.